உதிர்ந்த எலும்பும் பாட்டில் தவளையும்

அரியலூர் பக்கம் கல்லமேட்டில் ஒரு டைனோசரின் கால் எலும்பு கிடைத்தது. முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி மட்டுமே 2 மீட்டர். அன்று அந்த ஊர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் 1987-ல் அந்த டைனோசருக்குப் ‘புருகத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பேருடல் பல்லி என்று பொருள். வாழ்ந்தது சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன். முதலில் இறைச்சி தின்னி என்றார்கள். நீண்ட கழுத்துடைய இலைதின்னி என்பது பிறகு தெளிந்தது.

அந்த எலும்பு இப்போது இல்லை. பல கோடி ஆண்டு புதைந்து கிடந்த எலும்பு முழுக்க நுண்விரிசல்கள். இறுக்கிப் பிடித்திருந்த மண் விலகினால் பொலபொலவென்று உதிரும். அதனால்தான் சாக்குத்துணியைப் பிளாஸ்டரில் நனைத்துக் கட்டுப்போட்டு எடுப்பார்கள். கல்லமேட்டு எலும்பு அந்தக் கட்டுக்குள்ளேயே உதிர்ந்தது. மிஞ்சியவை குறிப்புகளும் படங்களும். அது எலும்பே அல்ல, கல்லாகிப்போன மரம் என்றுகூடச் சிலர் ஐயப்பட்டார்கள். பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் கல்மரம் படுத்திருக்கும்போது அந்த ஐயத்தைக் குறை சொல்ல முடியாது. களத்தில் எடுத்த பழைய படங்கள் 2022-ல் அச்சான பிறகுதான் எலும்பு என்ற தரப்பு வலுத்தது.

கல்லாய்ச் சமைந்த எலும்பு போய்விட்டது. கையால் நசுக்கக்கூடிய தவளையோ அருங்காட்சியகப் பாட்டிலில் நூறாண்டு நிற்கிறது. ஃபார்மலின் தசையிலுள்ள புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து அழுகலை நிறுத்தும். பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் குடியிருப்பு. நிறம் வெளுக்கும், உருவம் மாறாது. ஃபார்மலின் மரபணுவைச் சிதைப்பதால் இன்று சேகரிப்பவர்கள் ஒரு துளித் தசையை முன்கூட்டியே தனியாக எடுத்து வைக்கிறார்கள். காலில் கட்டிய சீட்டில் எண், பிடித்த இடம், நாள். சீட்டு அறுந்தால் தவளை வெறும் தவளைதான்.

இப்படி வைத்திருப்பதால் என்ன பயன்? உலகெங்கும் தவளைகளைக் கொன்ற தோல் பூஞ்சைக்கு 1999-ல்தான் பெயரே வந்தது. அதன் பழைய தடத்தைத் தேடியவர்கள் அருங்காட்சியகப் பாட்டில்களைத் திறந்தார்கள். 1938-ல் பிடித்த ஓர் ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் பூஞ்சை இருந்தது! பிடித்தவருக்கு அப்படியொரு நோய் இருப்பதே தெரியாது. கேள்வி பிறக்கும் முன்பே பதிலைப் பத்திரப்படுத்தியிருக்கிறார்.

கல்லமேட்டிலேயே அப்படித் தப்பிய ஒன்று உண்டு, ஓர் ஆமையின் மண்டையோடு. கழுத்தை உள்ளே இழுக்காமல் பக்கவாட்டில் மடிக்கும் இனம். இன்றைய இந்தியக் காடுகளில் அதற்கு உறவே கிடையாது. 2001-ல் திருமாலின் கூர்ம அவதாரத்தை நினைத்து ‘கூர்மாடெமிஸ் கல்லமேடென்சிஸ்’ என்று பெயரிட்டார்கள். அரியலூர்க் கிராமம் ஒன்று ஆமையின் பெயரில் நிலைத்தது. 2009-ல் மடகாஸ்கரிலிருந்து ஓர் ஆமை விவரிக்கப்பட்டபோது, இதோடு ஒப்பிட்டு நெருங்கிய சொந்தம் என்று கண்டார்கள். ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை இரு நிலங்களும் ஒட்டியிருந்தவை.

புருகத்காயோசாரஸின் எடையும் 2023-ல் கணக்கிடப்பட்டது. 110 டன்னுக்கு மேல், ஒருவேளை நீலத் திமிங்கிலத்துக்கு நிகராக. கணக்கிட்டவர்களிடம் இருந்தவை பழைய அளவுகளும் படங்களும் மட்டுமே. அந்த 2 மீட்டரை இன்னொரு முறை டேப் வைத்து அளக்க ஏங்கியிருப்பார்கள்.