ஃபேர்ஃபோர்டின் 28 சன்னல்கள்

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில், கம்பளி வணிகத்தால் செழித்த ஊர்களில் ஒன்று ஃபேர்ஃபோர்டு. ஜான் டேம் என்ற கம்பளி வணிகர் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்குள்ள புனித மரியாள் ஆலயத்தைப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். 1500இல் அவர் இறந்துபோக, மகன் எட்மண்ட் வேலையை முடித்தார். அப்போது பொருத்திய வண்ணக் கண்ணாடி 28 சன்னல்களிலும் இன்றுவரை இருக்கிறது. இடைக்காலக் கண்ணாடித் தொகுதி இவ்வளவு முழுமையாக எஞ்சிய பங்கு ஆலயம் அந்த நாட்டில் வேறு இல்லை.

இதைக் கண்ணாடி மேல் தீட்டிய ஓவியம் என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலான நிறம் கண்ணாடிக்கு உள்ளேயே இருக்கிறது. மணலையும் மரச்சாம்பலையும் உருக்கும்போதே உலோக ஆக்சைடுகளைச் சேர்ப்பார்கள். கோபால்ட் நீலம் தரும். மாங்கனீசு ஊதா தரும். செம்பு, உலையின் நிலையைப் பொறுத்துப் பச்சையாகவோ சிவப்பாகவோ வரும். செம்பின் சிவப்பு மிக அடர்த்தியானது. கண்ணாடி முழுக்க அதுவே இருந்தால் வெளிச்சம் புகாது. ஆகவே நிறமற்ற கண்ணாடியின் மேல் மெல்லிய சிவப்புப் படலம் மட்டும் ஏற்றினார்கள்; வேண்டிய இடத்தில் அதைச் சுரண்டி வெண்மையை வெளியே கொண்டுவந்தார்கள். எனக்கு மிகவும் வியப்பூட்டுவது மஞ்சள்தான். வெள்ளிச் சேர்மத்தைக் கண்ணாடியின் பின்பக்கம் பூசிச் சூளையில் சுட்டால், வெள்ளி உள்ளே ஊறிப் பொன்னிறமாகும். வெள்ளை முகமும் பொன் கூந்தலும் ஒரே துண்டில் அமைந்தது இந்த உத்தியால்தான். கண், மூக்கு, துணி மடிப்பு ஆகியவற்றை மட்டும் கருப்பு, பழுப்பு மையால் வரைந்து சுட்டார்கள். துண்டுகளை ஈயப் பட்டைகளில் செருகிப் பற்றவைத்து, இரும்புக் கம்பிகளோடு கட்டினார்கள். ஈயம் காலப்போக்கில் தளரும்; அதைப் புதுப்பிக்க ஆள் இருந்தால் கண்ணாடி பல நூற்றாண்டு தாங்கும்.

ஆனால் மனிதர் கைக்குத் தப்புவது கடினம். 16, 17ஆம் நூற்றாண்டுகளின் மதச் சீர்திருத்தத்திலும் உள்நாட்டுப் போரிலும் எத்தனையோ ஆலயச் சன்னல்கள் உடைந்தன. ஃபேர்ஃபோர்டு தப்பியது. 1703ஆம் ஆண்டுப் பெரும்புயல்தான் மேற்குச் சன்னலைச் சிதைத்தது. இறுதித் தீர்ப்பைக் காட்டும் அதன் மேற்பாதி 19ஆம் நூற்றாண்டில் செய்தது. உயிர் இருப்பது கீழே, நரகத் தீயின் சிவப்பில். இரண்டாம் உலகப் போரின்போது கண்ணாடி முழுவதையும் கழற்றிப் பத்திரப்படுத்தி வைத்தார்கள்.

சன்னல்களோடு திரும்பிவிடக் கூடாது. பாடகர் பகுதியில் மடிக்கும் மர இருக்கைகள் உண்டு. இருக்கையைத் தூக்கினால் அடியில் ஒரு சிறு தாங்கு பலகை தெரியும். நீண்ட வழிபாட்டில் நின்றுகொண்டே இருப்பவர் லேசாகச் சாய்ந்துகொள்ள அது. அதன் கீழே ஊர் மக்களின் அன்றாட வாழ்வையும் விலங்குகளையும் செதுக்கியிருக்கிறார்கள். சன்னலில் வேதாகமம், இருக்கைக்கு அடியில் தச்சர் கண்ட உலகம்.

போக வாய்த்தால் வடபுறத்தில் ஏவாளின் சன்னலில் தொடங்குங்கள், கதை அங்கிருந்துதான் ஓடுகிறது. மேல் வரிசைக்கு ஒரு பைனாகுலர் அவசியம்: வடக்கே திருச்சபையைத் துன்புறுத்தியோர், எதிரே தெற்கில் இரத்தசாட்சிகள். மேற்குச் சன்னலைப் பிற்பகல் வெயிலுக்கு விட்டுவையுங்கள்.