கடலடியில் குழந்தையின் முதல் மூச்சு

விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் புதுச்சேரிக் கடற்கரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான். அங்கு ஸ்கூபா டைவிங் கற்பிக்கிறார்கள் என்று அறிந்த பெற்றோர், பிள்ளையையும் அழைத்துச் செல்லலாமா என்று நம்மிடம் கேட்கின்றனர். முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்பது நன்று.

8 வயது நிரம்பிய குழந்தை 2 மீட்டர் ஆழம் வரையிலும், 10 வயதானவர் 12 மீட்டர் வரையிலும் பயிற்றுநருடன் இறங்கலாம் என்பது பி.ஏ.டி.ஐ. என்னும் உலகப் பயிற்சி அமைப்பின் வரம்பு. ஆனால் வயது மட்டும் போதாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல் இருமடங்கு. அங்கு இழுத்த மூச்சை அடக்கியபடி மேலேறினால், காற்று விரிந்து நுரையீரல் கிழியக்கூடும். கிணற்றில் மூச்சடக்கி முங்கிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது நேரெதிரான பாடம். அச்சத்திலும் மூச்சை விடாமல் இழுத்து வெளியிடும் பக்குவம் வேண்டும்.

ஆஸ்துமா, வலிப்பு, செவிப்பறைத் துளை, காதில் சீழ் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால், அல்லது முன்பு இருந்திருந்தால், மருத்துவரின் ஒப்புதலின்றி இறக்கலாகாது. மறைத்துக் கையொப்பமிடுவது பிள்ளைக்குத்தான் ஆபத்து. சளி பிடித்த நாளில் காதின் அழுத்தம் சமனாகாது. மூக்கடைப்பு மருந்தை நம்பி இறங்குவதும் தவறு, அதன் வீரியம் கடலடியிலேயே தீர்ந்துவிடலாம்.

அந்தமானுக்கோ கரீபியன் தீவுகளுக்கோ செல்வோர் திரும்பும் விமானத்தையும் கணக்கில் கொள்க. ஒருமுறை மூழ்கியவர் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் கழித்தே விமானம் ஏற வேண்டும். கடைசி நாளைக் கரையில் மணல்வீடு கட்ட ஒதுக்கிவிடுங்கள்.