வயலுக்கு வராத செல்போன்

குறுவை நடவு நடக்கும் நாளில் ஒரத்தநாடு பக்கம் சேற்றில் இறங்கும் பெண், மதியம் வரை குனிந்த முதுகு நிமிராமல் நாற்று ஊன்றுவார். செல்போன் வரப்பில், சாப்பாட்டுத் தூக்கோடு பையில் கிடக்கும். அந்தப் போனில் மகனோ மகளோ ஒரு உடல்நலச் செயலியை ஏற்றிக் கொடுத்திருந்தால், மாலையில் அது கண்டிக்கும்: “இன்று நீங்கள் மிகக் குறைவாகவே நடந்திருக்கிறீர்கள். கொஞ்சம் எழுந்து நடமாடுங்கள்!”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு நட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நடக்கும்போது உடம்பு சீரான தாளத்தில் ஏறி இறங்குகிறது. போனுக்குள் இருக்கும் முடுக்கமானி அந்தத் தாளத்தை எண்ணித்தான் அடிக்கணக்கு சொல்கிறது. குனிந்தபடி பின்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகரும் நடவு வேலையில் அந்தத் தாளம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்து, மாலையில் பூங்காவுக்குப் போகிறவரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட கணக்கு அது. தஞ்சைக் கழனியில் அது தப்பாகத்தான் போகும்.

இதைச் சிரித்து ஒதுக்கிவிட முடியாது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இந்தியாவில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், 35.5 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு. இரண்டுமே மாதத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்த்தால் தீர்கிற சங்கதி இல்லை. மீதி 29 நாளும் வீட்டில்தான் கழிகின்றன. அந்த நாட்களில் கூட இருக்கக்கூடிய ஒரே கருவி போன்தான் என்பதால், அதில் என்ன எழுதி வைக்கிறோம் என்பது மருத்துவப் பிரச்சினையாகவே ஆகிவிட்டது.

தஞ்சாவூரில் நோயாளியின் கதையை எழுதி வைக்கும் பழக்கம் புதிதல்ல. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னரின் காலத்தில், கண் நோயாளிகளின் கண்களை வரைந்து சிகிச்சைக் குறிப்போடு பதிந்த ஏடுகள் சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. நம் காலத்துக்கு வந்தால், தஞ்சைக்குப் பக்கத்து ஆலக்குடியில் 2009-இல் ‘சுகவாழ்வு’ என்ற அமைப்பு ஒரு சிறு கிராம மருத்துவ மையத்தைத் தொடங்கியது. நோயாளியின் விவரம் கணினியில் ஏறியது. நோய் முற்றும் முன்பே ஆபத்து உள்ளவர்களைத் தேடிப் பிடிப்பது அதன் நோக்கம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இப்போது பெண் தன்னார்வலர்கள் குளுக்கோமீட்டரும் பிரஷர் கருவியுமாக வீடு வீடாகப் போகிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள், விவரங்களைச் செயலியில் பதிகிறார்கள்.

ஆகவே காவிரி டெல்டாவில் உடல்நலச் செயலியைத் தொடும் விரல் பெரும்பாலும் நோயாளியுடையது அல்ல. தன்னார்வலர், பத்தாவது படிக்கும் பேத்தி, திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் என்று யாரோ ஒருவருடைய விரல். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுக் கணக்குப்படி, தமிழகப் பெண்களில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் குறைவு. ஒரு போன், ஒரு ஆள், ஒரு கணக்கு என்ற அமைப்பு இங்கே முதல் திரையிலேயே உடைந்துவிடும். ஒரே போனில் மாமியாரின் சுகரும் மருமகளின் கர்ப்ப விவரமும் தனித்தனிப் பூட்டோடு இருக்க வேண்டும். டிபி மாத்திரை நினைவூட்டல், பூட்டிய திரையில் பெயரோடு பளிச்சென்று வந்து நிற்கக் கூடாது. ‘மாத்திரை நேரம்’ என்று மட்டும் வந்தால் போதும்.

சாப்பாட்டுக் கணக்குக்கு வருவோம். வெளிநாட்டுச் செயலிகளில் ஓட்ஸ் ஆறு வகை இருக்கும், பழையசோறு இருக்காது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையில் 528 உணவுப்பொருள்களின் சத்து விவரம் உண்டு. அதை அடிப்படையாக வைத்து நம் சமையலுக்குக் கணக்குப் போடலாம். அதன் பிறகும் ‘எத்தனை கிராம் சோறு சாப்பிட்டீர்கள்?’ என்று கேட்டால் பதில் வராது. எந்த வீட்டிலும் சோற்றை நிறுத்துப் பரிமாறுவதில்லை. கரண்டிக் கணக்கில் கேளுங்கள், தட்டின் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அரிசி எது என்பதும் முக்கியம். சென்னை ஆராய்ச்சியாளர்கள் மூன்று ரகங்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவில், பொன்னி அரிசியின் சர்க்கரை ஏற்றக் குறியீடு 70.2. எழுபதோ அதற்கு மேலோ இருந்தால், சர்க்கரையை வேகமாக ஏற்றும் ரகம். பொன்னியை விடு என்று டெல்டாக்காரரிடம் சொல்லும் செயலியை அன்றைக்கே போனிலிருந்து அழித்துவிடுவார்கள். நாலு கரண்டியை மூன்றாக்கி, கூடவே கீரையும் பயறும் வை என்று சொன்னால் காது கொடுப்பார்கள்.

மாத்திரை நினைவூட்டலில் இருக்கும் ஆபத்தைப் பலர் கவனிப்பதில்லை. காலை 8 மணிக்கு மணி அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நடவுக்காரர் விடிகாலையில் நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார். அடுத்த சாப்பாடு பத்து மணிக்கு மேல், வரப்பில். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரைகள் சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். இன்னொரு பக்கம், உழைக்கும் தசைகள் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் இரண்டும் சேர்ந்தால் வியர்வை, நடுக்கம், மயக்கம். வெயிலில் வந்த கிறுகிறுப்பு என்று பக்கத்தில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். செயலி கடிகாரத்தைப் பார்த்துப் பேசாமல் சாப்பாட்டைப் பார்த்துப் பேச வேண்டும்: “சாப்பிட்டாச்சா? ஆச்சுன்னா மாத்திரை போடுங்க.”

அதேபோல, அறுவடை முடிந்து வேலை ஓய்ந்த மாதங்களில் உழைப்பு குறையும், சோறு குறையாது. அப்போது சுகர் ஏறினால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நாள்காட்டியில் குறுவை, சம்பா, தாளடி என்று பட்டங்களைக் குறித்து வைத்து, ‘இப்போ வயல் வேலை உண்டா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும் செயலி, அடிக்கணக்கு செயலியைவிட நோயாளியைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ளும்.

கேள்விகள் குறையக் குறைய நல்லது. ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்காக இந்தியாவில் 2018 முதல் புழக்கத்தில் உள்ள ‘சிம்பிள்’ செயலி இதற்கு நல்ல சான்று. நோயாளியிடம் கியூஆர் குறியீடு உள்ள ஒரு காகித அட்டை இருக்கும். நர்ஸ் அதை ஸ்கேன் செய்து பிரஷர் அளவையும் மருந்தையும் பதிந்தால் முடிந்தது, சில நொடி வேலை. இணைய இணைப்பு இல்லாவிட்டாலும் ஓடும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது டெல்டாவின் பல ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. டவரை நம்பி வைத்த மருத்துவக் குறிப்பு அந்த வாரங்களில் யாருக்கு உதவியிருக்கும்? காகித அட்டையைப் பழமை என்று ஒதுக்குகிறவர்கள் ஒரு புயலையாவது இங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கான திரையமைப்பைப் பற்றி, பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் இந்திராணி மேதி பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார். எழுத்தைவிடப் படமும் பேசும் குரலும் கைகொடுக்கின்றன என்பது அவர் கண்டது. அதைவிட முக்கியமான இன்னொன்று, படிப்பு குறைந்தவர்கள் ஒன்றுக்குள் ஒன்றாகத் திறக்கும் மெனுக்களில் தடுமாறுகிறார்கள். எல்லாம் ஒரே பட்டியலில் இருந்தால் தேடியதைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். வடிவமைப்பாளர்கள் அழகு கருதி மறைத்து வைக்கும் மூன்று கோட்டு மெனுவுக்குள் எதைப் போட்டாலும் அது கிணற்றில் போட்ட கல்தான்.

விரலையும் பார்க்க வேண்டும். தொடுதிரை, தோலின் மின்கடத்தும் தன்மையை வைத்துத்தான் தொடுதலை உணர்கிறது. அரிவாளும் மண்வெட்டியும் பிடித்துக் காய்த்த, வெடித்த விரல்நுனியை அது சரியாக உணர்வதில்லை. ரேஷன் கடைக் கைரேகைக் கருவியில் நின்று அவஸ்தைப்பட்டவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். பொத்தான் குறைந்தது 9 மில்லிமீட்டர் அகலம் என்பது ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல். இங்கே அதைப்போல் ஒன்றரை மடங்கு வைக்கலாம். ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த பொத்தானில் தமிழ்ச் சொல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்பதும் தினசரிக் காட்சி. தமிழில் முதலில் எழுதி, அதற்குப் பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் இந்த வம்பே இல்லை.

சுகர் அளவு வந்த பிறகு என்ன சொல்வது? வெறும் ‘210’ என்ற எண்ணும் சிவப்புக் கோடும் பயத்தைக் கூட்டும், வழி சொல்லாது. ‘இந்த வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையம் போங்க’ என்ற ஒரு வரி வழி சொல்லும். சந்தேகம் கேட்க 104 உதவி எண். நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை கால் மரத்துப்போதல் என்றால் வரைபடம் எதற்கு? திரை முழுக்க 108 மட்டும் தெரிந்தால் போதும்.

இத்தனைக்கும் பெரிய தொழில்நுட்பம் தேவையா என்றால், சென்னை டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவின் ஆய்வைப் பாருங்கள். சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்களில் ஒரு பாதிக்கு, உணவும் உடற்பயிற்சியும் பற்றி எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். அவரவர் நிலைமைக்கு ஏற்ற செய்தி, அவரவர் கேட்ட நேரத்தில். இரண்டு ஆண்டு முடிவில் எஸ்எம்எஸ் பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் நோய் வந்திருந்தது. 2013-இல் வெளியான முடிவு இது. செயலியே கிடையாது, வெறும் எழுத்துச் செய்தி.

செயலி எழுதும் பிள்ளைகள் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் பொறியியல் கல்லூரிதோறும் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் திரையை வரைவதற்கு முன், உங்கள் ஊர் மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரோடு ஒரு நாள் தெருத் தெருவாகப் போய் வாருங்கள். நீங்கள் கேட்க நினைத்த கேள்விகளில் பாதியை அன்று மாலையே அடித்துவிடுவீர்கள்.