பின்னால் அமர்பவருக்கும் பயணம் சுகமாகட்டும்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பயணம் ஒன்றில் பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா (ரலி) ஓட்டி வந்தார். இனிய குரலில் அவர் பாட, ஒட்டகங்கள் வேகம் பிடித்தன. நிதானமாக ஓட்டும்படி அவரைப் பணித்த அண்ணலார், மேலே அமர்ந்திருந்த பெண்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவான செய்தி இது. வாகனத்தைச் செலுத்துபவர் தமக்குப் பின்னால் இருப்பவரையும் நினைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட அழகான பாடம் வேறென்ன வேண்டும்?

இன்று நம் வீடுகளில் ஒட்டகத்தின் இடத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இதைக் கண்கூடாகக் காணலாம். பாலாவிச் சந்தியில் திரும்பி நுரைச்சோலை, தலவில, கற்பிட்டி என்று போகும் பாதையில் ஒரு புறம் களப்பு, மறுபுறம் கடல். தலவிலவில் புனித அன்னம்மாள் ஆலயத் திருவிழா நடக்கும் மார்ச், ஆகஸ்ட் மாதங்களில் அந்தப் பாதை வாகனங்களால் நிறைந்துவிடும். மற்ற நாட்களில் சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கல்யாண வீட்டுக்கும் குடும்பமாகப் போகிறவர்களுக்குக் கைகொடுப்பது மோட்டார் சைக்கிள்தான்.

நீண்ட பயணங்களும் உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலேயே தஞ்சம் புகுந்தார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் சொந்த மண்ணைப் பார்க்கவும், காணி விடயமாகவும், நல்லது கெட்டதுக்கும் மன்னார்ப் பக்கம் போய்வருவது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று. புத்தளத்திலிருந்து அநுராதபுரம் மட்டுமே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். அங்கிருந்து மதவாச்சி போய் மன்னார்ப் பாதையில் திரும்ப வேண்டும். அவ்வளவு தூரமும் பின்னிருக்கையில் அமர்ந்து போகும் உம்மாவின் முதுகு என்ன பாடுபடும்?

2020இல் இலங்கையில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டியையே பழுது பார்த்து ஓட்டினார்கள். புதிய வண்டி வாங்க முடியாவிட்டாலும் இருக்கும் வண்டியைச் சுகமாக்கலாம். இது ஆடம்பரக்காரர்களின் வேலை மட்டுமல்ல. நெடுந்தூரப் பயணத்துக்குப் பேர்போன ஹொண்டா கோல்ட் விங் வண்டி 1975இல் சந்தைக்கு வந்தபோது அதில் காற்றுத் தடுப்பும் இல்லை, பெட்டியும் இல்லை. வாங்கியவர்களே வெளியில் வாங்கிப் பொருத்தினார்கள். அதைக் கண்ட பிறகு, 1980இல்தான் நிறுவனமே அவற்றைப் பொருத்தி விற்றது.

சரி, எதை முதலில் பொருத்துவது?

முதலில் சக்கரம்

சுகத்துக்கு முன்னால் உயிர். அபாயாவின் ஓரமோ, சேலை முந்தானையோ, ஹிஜாபின் நுனியோ பின்சக்கரத்திலோ செயினிலோ சிக்கினால் ஒரு கணத்தில் ஆளைக் கீழே இழுத்துவிடும். கழுத்துத் துணியானால் இறுக்கிவிடும். ஆகவே சக்கரத்தின் பக்கவாட்டை மறைக்கும் சாரி காட் கட்டாயம் வேண்டும். இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் தடுப்பு, கைப்பிடி, கால்மிதி மூன்றும் இருக்க வேண்டும் என்கிறது. வண்டி பார்க்க நன்றாக இல்லை என்று அதைக் கழற்றி வைக்கும் இளைஞர்களுக்கு வீட்டுப் பெண்கள்தான் சொல்ல வேண்டும். செயினை முழுவதும் மூடும் கவரும் நல்லது. சிறு பிள்ளைகளின் குதிகால் கம்பிகளுக்குள் போய்ப் படுகாயம் ஏற்படுவதையும் இந்தத் தடுப்பு குறைக்கும்.

இருக்கையும் கால்மிதியும்

மெத்தென்ற பஞ்சுதான் சுகம் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மிக மென்மையான பஞ்சு அரை மணி நேரத்தில் அமுங்கி, அடியில் உள்ள தகடு உறுத்தத் தொடங்கும். சற்று இறுக்கமான, அடர்த்தியான பஞ்சை அகலமாக வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். குஷன் கடையில் சொன்னால் செய்து தருவார்கள். பின்னிருக்கை முன்னோக்கிச் சரிந்திருந்தால், பிரேக் பிடிக்கும்போதெல்லாம் முன்னால் வழுக்க நேரும். அதையும் சமப்படுத்தச் சொல்லுங்கள். இடுப்பு சாயும் அளவுக்குச் சிறிய முதுகுத் தாங்கி இருந்தால் நீண்ட பயணத்தில் பெரிய உதவி.

இரு புறமும் கால் வைத்து அமர்வதே வண்டியின் நிதானத்துக்கு நல்லது. அபாயாவுக்குள் தளர்வான காற்சட்டை அணிந்தால் மறைப்புக்கும் குறை வராது. ஒரு பக்கமாக அமர்பவர்களுக்கு, இரண்டு பாதமும் ஊன்றும் அகலமான மிதிதட்டு அவசியம். கால் தொங்கினால் பாரமெல்லாம் இடுப்பில் விழும்.

செலவில்லாத சுகம்

பல வண்டிகளில் பின்பக்க ஷொக் அப்சோபரின் அடியில் படிபடியாகத் திருப்பும் வளையம் உண்டு. தனியே போகும்போது ஒரு படி, இருவர் போகும்போது இறுக்கமான படி என்று மாற்றலாம். டயருக்கும் இருவருக்குரிய காற்றளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். இரண்டையும் சரிசெய்தாலே குலுக்கல் குறையும், செலவு ஒன்றுமில்லை.

காற்றும் சுமையும்

மே முதல் செப்டெம்பர் வரை கற்பிட்டிக் கரையில் பலத்த காற்று அடிக்கும். அதற்காகவே பட்டம் கட்டி அலைமேல் சறுக்கும் வெளிநாட்டினர் அங்கே வருகிறார்கள். முன்னால் சிறு கண்ணாடித் தடுப்பு பொருத்தினால் நெஞ்சில் அறையும் காற்று குறைந்து களைப்பும் குறையும். மிக உயரமானது பக்கக் காற்றில் வண்டியைத் தள்ளும், அதைத் தவிர்க்கவும்.

பின்னால் பெட்டி வைத்தால் முதுகுக்கும் சாய்மானம், சாமானுக்கும் இடம். ஆனால் பின்சக்கரத்துக்கு அப்பால் தூக்கி வைத்த பாரம் முன்சக்கரத்தை இலேசாக்கி, ஹேண்டிலை ஆட்டங்காண வைக்கும். பெட்டியில் குறிப்பிட்ட எடையை மீறாமல், பாரமானவற்றைத் தாழ்வாகப் பக்கப் பைகளில் இடுங்கள். அவை சக்கரத்தில் உரசாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உப்புக் காற்று எந்த ஆணியையும் அரித்துவிடும். துருப்பிடிக்காத எவர்சில்வர் ஆணிகளைக் கேட்டு வாங்குங்கள். கடற்கரை மணலில் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் இடச் சொல்லுங்கள்.

செய்யக் கூடாதவை

ஹேண்டிலை உயர்த்தும்போது கேபிள்களின் நீளம் போதுமா என்று பார்க்காமல் விடக் கூடாது. மின்சக்தி போதுமா என்று பாராமல் விளக்குகளை ஏற்றக் கூடாது. பிரேமை வெட்டி ஒட்டும் வேலையே வேண்டாம். பெரிய மாற்றமானால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிட்டுச் செய்வது உத்தமம். ஹெல்மட்டும் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். நம் பெண்கள் பலர் அளவு பொருந்தாத ஒன்றைக் கைமாற்றிப் போடுகிறார்கள். உங்கள் தலைக்கு, ஹிஜாபுடன் சேர்த்து அளவு பார்த்துத் தனியாக வாங்குங்கள்.

சகோதரிகளே! வண்டி வாங்கும்போதும் திருத்தும்போதும் கராஜில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். பின்னால் அமர்ந்து நோவு படுபவர் வீட்டில் இருக்கிறார். அவரிடம் யாரும் கேட்பதில்லை. வாய் திறந்து சொல்லுங்கள். பணம் குறைவானால் சாரி காட், ஹெல்மட், கால்மிதி, இருக்கை என்ற வரிசையில் ஒவ்வொன்றாகச் செய்யலாம். கணவன்மார்களே! உங்கள் பின்னால் இருப்பவர் அல்லாஹ் உங்களிடம் ஒப்படைத்த அமானிதம். பயண துஆவை ஓதி ஏறுங்கள். அன்ஜஷாவுக்குச் சொல்லப்பட்டதை மனதில் கொண்டு நிதானமாக ஓட்டுங்கள். இன்ஷா அல்லாஹ், போகுமிடத்துக்குச் சுகமாய்ப் போய்ச் சேரலாம்.