கிரேடு சொல்லாத தழும்பு

வயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'ஃபேட்டி லிவர், கிரேடு 1' என்று இருந்தால் பலரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். 'கிரேடு 2' என்றால் பதறிப்போகிறார்கள். அந்த எண் கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு படிந்திருக்கிறது என்பதன் தோராயக் கணக்குதான். கொழுப்பு சேர்ந்த இடத்தில் அழற்சி உண்டாகி, அது ஆற ஆற நார்த்திசு தழும்பாகக் கட்டுகிறதே, அதுதான் சிரோசிஸில் கொண்டுபோய் விடும். அதை அந்த கிரேடு காட்டுவதில்லை.

1980இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜூர்கன் லுட்விக்கும் சகாக்களும் 20 நோயாளிகளின் கல்லீரல் திசுவைப் பற்றி எழுதினார்கள். குடிகாரர்களின் கல்லீரல் போலவே இருந்தது. அந்த 20 பேரோ குடிநோயாளிகள் அல்லர். 'மதுசாராத' என்ற அடைமொழி அப்போது ஒட்டிக்கொண்டது. நோய்க்கு எது காரணமில்லை என்பதைச் சொன்ன அந்தப் பெயர், எது காரணம் என்பதைச் சொல்லவில்லை. 2023இல் அமெரிக்க, ஐரோப்பிய, லத்தீன் அமெரிக்கக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடிப் பெயரை மாற்றின. இப்போது அது 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த கொழுப்புக் கல்லீரல் நோய்', சுருக்கமாக எம்.ஏ.எஸ்.எல்.டி.

கல்லீரலில் கொழுப்பு இருந்து, கூடவே அதிக எடை அல்லது இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், டிரைகிளிசரைடு, குறைவான எச்.டி.எல். ஆகிய ஐந்தில் ஒன்று இருந்து, வேறு காரணம் தென்படாவிட்டால் இந்நோய் என்று கொள்ளலாம். எடை விஷயத்தில் ஆசியர்களுக்கு வரம்பு குறைவு, பி.எம்.ஐ. 23. அதாவது 165 செ.மீ. உயரமுள்ளவர் 63 கிலோவைத் தொட்டாலே தாண்டிவிடுகிறார். 'நான் ஒல்லி, எனக்கேது' என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இன்னொரு நல்ல மாற்றம்: சர்க்கரையும் உண்டு, குடியும் உண்டு என்பவர்களுக்குத் தனி வகை வந்துவிட்டது. ஆண் என்றால் வாரத்துக்கு 210 முதல் 420 கிராம் ஆல்கஹால், பெண் என்றால் 140 முதல் 350. முன்பு இவர்களை எந்தப் பக்கம் சேர்ப்பது என்பதே குழப்பமாக இருந்தது.

சரி, தழும்பை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் படிக்குப் புதிய பரிசோதனையே தேவையில்லை. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் வரும் கல்லீரல் நொதிகளையும் (எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி.) பிளேட்லெட் எண்ணிக்கையையும் வைத்துப் போடும் 'ஃபிப்-4' என்றொரு கணக்கு இருக்கிறது. வயதை எஸ்.ஜி.ஓ.டி. அளவால் பெருக்க வேண்டும். பிளேட்லெட் எண்ணிக்கையை (ஆயிரங்களில்) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் பெருக்கி, முதல் விடையை இதனால் வகுக்க வேண்டும். 54 வயதுக்காரர் ஒருவருக்கு எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் 1.6 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் எதுவுமே தடித்த எழுத்தில் இருக்காது, எல்லாம் நார்மல். 54 × 38 = 2052. 160 × 6 = 960. வகுத்தால் 2.1.

1.3க்குக் கீழ் என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் என்றால் வாய்ப்பு அதிகம். 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கீழ்வரம்பு 2. நம் 54 வயதுக்காரர் நடுவில் நிற்கிறார். அவருக்கு அடுத்தது ஃபைப்ரோஸ்கேன்: கல்லீரலின் விறைப்பை கிலோபாஸ்கலில் அளக்கும், ஊசி குத்தாத சோதனை. 8க்குக் கீழ் வந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் கல்லீரல் நிபுணரைப் பார்த்தாக வேண்டும்; சிலருக்கு பயாப்சியும் தேவைப்படும்.

தழும்பு விழுந்தபின் தெரிந்து என்ன பயன் என்று விட்டுவிடக் கூடாது. 2015இல் வெளியான கியூபா ஆய்வொன்றில், உணவையும் நடையையும் மாற்றி ஓராண்டில் உடல் எடையில் 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 45 சதவீதத்தினருக்குத் தழும்பே பின்வாங்கியது. அந்த அளவு குறைத்தவர்கள் சிலரே. 5 சதவீதம் குறைத்தாலே கொழுப்பு கரையத் தொடங்குகிறது.