பெங்களூரின் வாத்தியப் பொறியாளர்கள்

தம்புராவுக்கு நாலே தந்திகள்தான். ராகமோ தாளமோ அதில் வாசிக்க எதுவும் இல்லை. ஆனால் அந்த நாலையும் சுருதி சேர்ப்பதற்குத் தேர்ந்த காது வேண்டும். சேர்த்த பிறகும் மேடையின் குளிரூட்டியோ விளக்குச் சூடோ பட்டால் தந்தி இறங்கிவிடும். வீட்டில் தனியாகச் சாதகம் செய்பவருக்குக் கூடவே உட்கார்ந்து மீட்ட ஒரு ஆள் வேறு வேண்டும். ரயிலில் கொண்டுபோனால் குடம் உடையாமல் ஊர் வந்து சேர வேண்டுமே என்ற கவலையும் உண்டு. இந்தச் சங்கடங்களை எல்லாம் கையடக்கப் பெட்டி ஒன்றில் தீர்த்து வைத்தவர் பெங்களூர்க்காரர்.

ஜி. ராஜ் நாராயண் புல்லாங்குழல் கலைஞர், பொறியாளரும்கூட. 1979-ல் அவர் உருவாக்கியதுதான் முதல் எலெக்ட்ரானிக் தம்புரா. அவர் தொடங்கிய ராடெல் நிறுவனம் இன்றும் பெங்களூரிலிருந்தே இயங்குகிறது. அதன் ‘சாரங்’ தம்புராப் பெட்டியும் ‘தாள்மாலா’ தபலாப் பெட்டியும் அமெரிக்காவில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் தமிழர் வீட்டு வரவேற்பறைகள் வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன.

இதை வெறும் மின்னணு வேலை என்று நினைத்துவிடக் கூடாது. தம்புராவின் ஓசையைப் போலிசெய்வது சுலபமில்லை. காரணத்தைச் சொன்னவர் சர் சி.வி. ராமன். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்று நிற்கும் மேல்சுரங்கள் அந்தத் தந்தியிலிருந்து எழக் கூடாது என்பது அதுவரை மேலை நாட்டுப் பௌதிகம் வைத்திருந்த விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை தாராளமாக எழுகின்றன என்று 1921-ல் வெளியான கட்டுரையில் ராமன் எடுத்துக்காட்டினார். தம்புராவின் குதிரை கத்தி முனைபோல் கூராக இல்லை. அகலமாக, லேசாக வளைந்திருக்கிறது. தந்தி அதிரும்போது அந்த வளைவை உரசி உரசி விலகுகிறது. தந்திக்கும் குதிரைக்கும் நடுவில் செருகும் சிறு நூலை இம்மி நகர்த்தினால் உரசல் மாறும். நாதம் சட்டென்று திறந்துகொள்ளும். முதல் தலைமுறைப் பெட்டிகளில் மின்சுற்றே ஒலியை உண்டாக்கியது. காதுள்ளவர்கள் அதில் இந்த உயிரைத் தேடினார்கள். பிறகு நிஜத் தம்புராவைப் பதிவு செய்து சில்லில் ஏற்றும் முறை வந்ததும் அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது.

ராமன் 1933-ல் பெங்களூருக்கு வந்து இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநரானார். 1940-ல் விமானம் செய்யும் எச்.ஏ.எல்., 1948-ல் தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ., 1954-ல் மின்னணுச் சாதனம் செய்யும் பி.இ.எல். என்று வரிசையாக ஆலைகள் எழுந்த ஊர் இது. அந்த ஆலைகளுக்கு வேலைக்கு வந்த தமிழர், தெலுங்கர், கன்னடிகர் குடும்பங்களில் பாட்டும் கூடவே வந்தது. சாமராஜபேட்டை கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ராமநவமிக்குப் பந்தல் போட்டுக் கச்சேரி நடத்தும் ஸ்ரீ ராமசேவா மண்டலி 1939-லேயே தொடங்கிவிட்டது. பகலில் சர்க்யூட், மாலையில் வர்ணம் என்று வாழ்ந்தவர்கள் நிறைந்த ஊரில்தான் இப்படிப்பட்ட வாத்தியம் பிறக்க முடியும். வெளிநாட்டுக் கம்பெனி எவ்வளவு பெரிதானாலும், ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கும் ஐந்து கட்டைச் சுருதிக்கும் ஒரே பெட்டி ஈடுகொடுக்க வேண்டும், ஸ்ரீரஞ்சனி பாடும்போது பஞ்சமத் தந்தியை மத்யமத்துக்கு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் பாடுகிறவனுக்குத்தானே தெரியும்?

அடுத்து ராடெல் கைவைத்தது வீணையில். ‘சுநாதவினோதினி’ என்ற அந்த டிஜிட்டல் வீணையில் பெரிய பலாமரக் குடம் இல்லை. மரபான வீணையில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருக்கும். நாளாக ஆக மெழுகு இளகி, மெட்டு சாய்ந்து, சுரம் பிசகும். பிறகு மேளம் கட்டத் தெரிந்தவரைத் தேடி அலைய வேண்டும். இந்த வீணையில் அந்தத் தொல்லை இல்லை. தந்தியை மீட்டினால் எழும் ஒலி மின்னணுவியல் வழியே நீண்டு நிற்கும். குடத்தின் நாதத்துக்குப் பழகிய காதுக்கு இது ஈடாகாது என்று சொல்பவர்கள் உண்டு, அது நியாயமும்கூட. ஆனால் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் குடியிருக்கும் மாணவிக்கு, வாரம் இருமுறை பேருந்தில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய வீணை கிடைப்பது பெரிய விஷயம்.

இதைவிடக் கனமான கேள்வியை எழுப்புவது மிருதங்கம். மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் சேர்ந்துதான் மிருதங்கம் ஆகிறது. எருமைத் தோல் வாராகிறது. வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவே கிட்டப் பொடியையும் சோற்றையும் குழைத்து அடுக்கடுக்காகத் தேய்த்துக் கருப்பான கரணை வைப்பார்கள். சாதாரண மேளத் தோலில் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது. வெறும் சத்தமாகப் போகும். நடுவில் ஏற்றிய சுமைதான் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, தந்தி வாத்தியம்போல் சுருதியோடு பேசவைக்கிறது என்பதை ராமன் 1920-லேயே எழுதிவிட்டார்.

பெங்களூரைச் சேர்ந்த டாக்டர் கே. வரதரங்கன் கர்நாடக இசைப் பாடகர், அவரும் பொறியாளர். தோலே இல்லாத ‘ஸ்ரீ மிருதங்க’த்தை அவர் வடிவமைத்தார், காருண்யா மியூசிகல்ஸ் நிறுவனத்தின் வழியே அது விற்பனையாகிறது. பலாமரக் கட்டைக்குப் பதில் ஃபைபர் உடல், தோலுக்குப் பதில் செயற்கைப் படலம், வாருக்குப் பதில் போல்ட். கல்லையும் கட்டையையும் வைத்து விளிம்பைச் சுற்றித் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பதற்குப் பதில், ஸ்பேனரால் திருகினால் போதும். மழைக்காலத்தில் தோல் தொய்ந்து குரல் இறங்கும் தொல்லை இல்லை. இடப்பக்க முகமான தொப்பியில் ஒவ்வொரு முறையும் ரவை பிசைந்து அப்ப வேண்டியதில்லை. விலங்குத் தோலைத் தொட மனம் ஒப்பாதவர்களும் வாசிக்கலாம்.

ஆனால் தோல் மிருதங்கம் தானாக உருவானதில்லை. மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் பர்லாந்து என்ற கைவினைஞரின் காதும் கையும் இருந்தன. அப்படிப்பட்ட தஞ்சாவூர்க் குடும்பங்களின் கதையைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-ல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ நூலில் விரிவாக எழுதினார். தலைமுறை தலைமுறையாகத் தோலைத் தேர்ந்து, பதம் பார்த்து, வித்வானின் விரலுக்கு ஏற்ப மூட்டிக் கொடுத்தவர்களுக்கு மேடையில் பெயர் கிடைத்ததில்லை. செயற்கை மிருதங்கம் பரவும்போது முதலில் வருமானம் இழப்பவர்களும் அவர்களாகத்தான் இருப்பார்கள். புதிய வாத்தியத்தை வரவேற்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். மாணவர்களின் பயிற்சிக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் செயற்கை, கச்சேரிக்குத் தோல் என்று இரண்டும் நிலைப்பதே இன்றைக்கு நல்லதாகத் தெரிகிறது.

இனி, இந்த வாத்தியங்களையும் குரலையும் பதிவு செய்யும் வீட்டு ஸ்டூடியோ. ஒரு லேப்டாப், ஒரு ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு ஹெட்ஃபோன்: இவ்வளவு இருந்தால் படுக்கையறையிலேயே பதிவு செய்யலாம். கண்டென்சர் மைக்குக்கு இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும். அதற்கான பொத்தானைப் போட மறந்துவிட்டு மைக்கைக் குறைசொல்பவர்கள் ஏராளம். அந்த மைக் நுணுக்கமானது; தெருமுனை ஆட்டோவின் ஹாரனையும் பக்கத்து வீட்டு மிக்ஸியையும் சேர்த்தே பதிவு செய்யும். சுவருக்கு எதுவும் செய்ய முடியாத வாடகை அறையில் டைனமிக் மைக்கை வாயருகே வைத்துப் பாடுவதே புத்திசாலித்தனம்.

வாசிப்பவர்களை அதிகம் படுத்துவது லேட்டன்சி என்னும் தாமதம். கணினி ஒலியை நொடிக்கு 44,100 துணுக்குகளாக வெட்டிக் கட்டுக்கட்டாக வாங்கிக்கொள்கிறது. ஒரு கட்டுக்கு 128 துணுக்கு என்றால் தாமதம் சுமார் 3 மில்லிநொடி. 512 என்றால் சுமார் 12. உள்ளே போக ஒரு முறை, வெளியே வர ஒரு முறை என்று அது இரட்டிக்கும். 12 மில்லிநொடியில் ஒலி காற்றில் 4 மீட்டர் போய்விடும். அதாவது, மிருதங்கக்காரர் அறையின் மறுகோடியில் உட்கார்ந்திருப்பதுபோல் கேட்கும். பதிவு செய்யும்போது கட்டின் அளவைச் சிறிதாக வைத்து, மிக்ஸிங் செய்யும்போது பெரிதாக்கிக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

இந்த மென்பொருள்களுக்கு நம் சங்கீதம் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. 1997-ல் வந்த ஆட்டோ-ட்யூனை எடுத்துக்கொள்ளலாம். பிசகிய சுரத்தைப் பக்கத்து சுரத்துக்கு இழுத்து நிறுத்துவது அதன் வேலை. தோடியின் காந்தாரமோ ஒரு இடத்தில் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே அசைந்தால்தான் அது தோடி. மென்பொருள் அந்த அசைவைப் பிழை என்று எண்ணி வெட்டிவிடும். கீபோர்டிலும் இதே சிக்கல்தான். 1983-ல் வந்த மிடி முறையில், சுரத்தை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பினால் அந்தச் சேனலில் ஒலிக்கும் சுரங்கள் அத்தனையும் ஒன்றாக வளையும். அந்த ஒற்றைச் சக்கரத்தை வைத்துக்கொண்டே கீபோர்டில் கமகம் காட்டியவர் கே. சத்யநாராயணன். 2018-ல் ஏற்கப்பட்ட எம்.பி.இ. முறையில் ஒவ்வொரு விரலும் தன் சுரத்தைத் தனியாக வளைக்கலாம். விரல் வழுக்கினால் சுரமும் வழுக்கும் கன்டினுவம் என்ற வாத்தியத்தை ஏ.ஆர். ரஹ்மான் ‘டெல்லி-6’ படத்திலேயே பயன்படுத்தினார். ஐபேடில் ஜியோஷ்ரெட் செயலியை வைத்து முழு கீர்த்தனையே வாசிக்கிறார் மகேஷ் ராகவன். கமகத்துக்கு வழிவிடும் கருவி எது என்று பார்த்து வாங்குபவருக்கு இப்போதுதான் நல்ல காலம்.

வாத்தியங்களைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும் குழந்தைகளைப் பெங்களூர் ஜே.பி. நகரில் 2019-ல் திறந்த இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போகலாம். தட்டி ஒலியெழுப்ப ஒரு தோட்டமே அங்கே உண்டு.

மீண்டும் தம்புராவுக்கே வருவோம். எலெக்ட்ரானிக் தம்புரா வாங்கப் போகிறவர் கடையில் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். தன் கட்டைக்கு வைத்து, அரை மணி நேரம் ஓடவிட்டு, கூடவே பாடிப் பார்க்க வேண்டும். சுருதி நகர்கிறதா என்று நம்பகமான ட்யூனரோடு ஒப்பிட வேண்டும். பெரிய ஒலியில் வைத்தால் ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்றும் கேட்க வேண்டும். வீட்டில் பதிவு செய்யும் எண்ணமிருந்தால் ஹெட்ஃபோன் துளை கட்டாயம் இருக்கட்டும். தம்புரா ஸ்பீக்கரில் ஒலித்தால் அது மைக்குக்குள் புகுந்து குரலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு குரலைத் திருத்தும்போது பிரிக்கவே முடியாது. சுருதி காதில் மட்டும் கேட்கட்டும். தம்புராவைத் தனி ட்ராக்கில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.