இசைத்தாளில் பேசும் இத்தாலியம்

சென்னையில் டிரினிடி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். போன்ற மேற்கத்திய இசைத் தேர்வுகளுக்குப் படிக்கும் பிள்ளைகளின் தியரி நோட்டில் இத்தாலியச் சொற்களின் பட்டியல் ஒன்று இருக்கும். அலெக்ரோ என்றால் வேகம், ஆன்டான்டே என்றால் நிதானம், ஃபோர்டே என்றால் சத்தம். வாய்ப்பாடு போல ஒப்பித்தால் மதிப்பெண் வந்துவிடும், இசை வராது. இத்தாலியருக்கு அலெக்ரோ என்பது குதூகலத்தைச் சொல்லும் அன்றாடச் சொல். அதை வெறும் வேகமாகப் படித்த பிள்ளை விரட்டி விரட்டி வாசிக்கிறது.

பொருள் இப்படி மங்கிப்போனது பீத்தோவனையே உறுத்தியிருக்கிறது. மகிழ்ச்சியோடு சம்பந்தமே இல்லாத இடத்திலும் அலெக்ரோ என்று எழுதுகிறோமே என்று 1817-இல் ஒரு கடிதத்தில் அலுத்துக்கொண்டார். வேகத்தை மெட்ரோனோம் கருவி சொல்லட்டும், ஆனால் பாவத்தைக் குறிக்கும் சொற்களை விட முடியாது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான். 'அலெக்ரோ கோன் பிரியோ' என்பதில் படிக்க வேண்டியது பின்பாதி: துடிப்போடு.

ஆகவே பட்டியலை நீட்டுவதைவிட, சின்னச் சின்ன ஒட்டுச் சொற்களைப் பிடித்துக்கொள்வது நல்லது. கோன் என்றால் 'உடன்', சென்ஸா என்றால் 'இல்லாமல்', பியூ 'கூடுதலாக', மேனோ 'குறைவாக', நோன் த்ரோப்போ 'அளவு மீறாமல்'. 1801-இல் பீத்தோவன் எழுதிய 'மூன்லைட்' சொனாட்டாவின் தொடக்கத்தில் ஒரு முழு வாக்கியமே இருக்கிறது. அதில் வரும் 'தெலிகாத்திஸ்ஸிமாமென்த்தே'யைப் பார்த்து மிரள வேண்டாம். பதம் பிரித்தால் தெலிகாத்தோ மென்மை, இஸ்ஸிமா 'மிக மிக', மென்த்தே நம்முடைய 'ஆக'. மிக மிக மென்மையாக! கூடவே 'சென்ஸா சோர்தீனோ' என்கிறார். வயலின்காரருக்கு அது 'மியூட் போடாமல்'. இங்கேயோ, பியானோவின் தந்திகளை அடக்கும் டாம்பர்களை விலக்கி வைத்து வாசிக்கச் சொல்கிறது. வாத்தியம் மாறினால் பொருளும் மாறும்.

பாடகர்களுக்கு உச்சரிப்பும் சேர்ந்துகொள்கிறது. லண்டனில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த நிக்கோலா வக்காய், 1830-களில் வெளியிட்ட பயிற்சி நூலில் ஸ்வர வரிசைகளைக்கூட வெறும் 'ஆ'காரமாக விடவில்லை. மெத்தஸ்தாசியோவின் கவிதை வரிகளை அவற்றில் ஏற்றினார். தொண்டை பழகும்போதே நாக்கும் பழகிவிடும். இன்றும் அந்த நூல் பாடகர்களின் கையில் இருக்கிறது.

தமிழ் நாக்குக்கு இதில் ஒரு வசதி உண்டு. இத்தாலியத் 'த' பல்லில் நாக்குப் படும் நம் 'த'வேதான். ஆங்கிலம் வழியாக வந்த 'ட' அல்ல. பேனா என்றால் துயரம், பென்னா என்றால் எழுதுகோல். கனம், கன்னம் என்று பிரித்துச் சொல்லும் நமக்கு இந்த இரட்டிப்பு சிரமமே இல்லை. வல்லினத்தில்தான் வழுக்கும். 'ஃபாதோ' விதி, 'ஃபாத்தோ' செய்து முடித்தது. முதல் சொல்லின் ஒற்றைத் தகரத்தை அழுத்தாமலும், 'பாதி'யில் வரும் தகரம் போலக் குழையவிடாமலும் சொல்ல வேண்டும். தமிழில் அப்படி ஓர் ஒலி சொல்லின் நடுவில் வருவதில்லை. 'காரோ மியோ பென்' போன்ற தொடக்கநிலை இத்தாலியப் பாட்டுக்கே, ராகத்தைத் தொடுமுன் வரிகளைத் தாளத்தோடு பேசிப் பேசிப் பழகுவது அதனால்தான் அவசியமாகிறது.